"கோலம் போடறவளுக்கு எல்பி என்ன தெரியும்?"

அன்புள்ள மேடம்,

எனக்கு 24 வயது. ஊர் பாலக்கோடு. கம்பெனி பஸ்ஸில் ஓசூர் போய் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். காலேஜ் டீமில் விக்கெட் கீப்பராக இருந்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தர்மபுரியில் ஆண்கள் ஆடும் மேட்ச்களுக்கு அம்பயராக நிற்கிறேன். அம்பயர் தேர்வு எழுதி இதையே தொழிலாக்க ஆசை.

போன மாதம் ஒருவனுக்கு எல்பிடபிள்யூ கொடுத்தேன். நேராக மிடில் ஸ்டம்புக்குப் போன பந்து, காலில் வாங்கினான். "கோலம் போடறவளுக்கு எல்பி என்ன தெரியும்?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டுப் போனான். எல்லாரும் சிரித்தார்கள். கூட நின்ற அம்பயர் அண்ணன் கையிலிருந்த, பந்து எண்ணும் கவுண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து என்னை எல்பி முடிவு சொல்ல வேண்டியில்லாத, பக்கவாட்டில் நிற்கும் லெக் அம்பயராகவே நிறுத்துகிறார்கள், "உன் நல்லதுக்குத்தாம்மா" என்று. சனிக்கிழமை ராத்திரி தூக்கமில்லை. அப்பீல் சத்தம் கேட்டாலே வயிற்றைப் பிசைகிறது. வரன் பார்க்கும் அம்மாவோ, "ஆம்பளைங்க நடுவுல நிக்கிற பொண்ணுன்னா சொல்றது?" என்கிறார். இதற்கான மனத்தெம்பு எனக்கு இல்லையோ?

பெயர் வேண்டாம், பாலக்கோடு

அன்புள்ள தோழிக்கு,

கடிதத்தில் எங்கேயும் 'அது அவுட்தானா' என்று நீங்கள் சந்தேகப்படவே இல்லை. ஆட்டத்தில் உங்களுக்குக் குழப்பம் கிடையாது. அப்பீல் சத்தத்தோடு அந்தச் சிரிப்பும் சேர்ந்து பதிந்துவிட்டது, வயிறு அதற்குத்தான் பதறுகிறது. தெம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அவன் பேச்சைவிட, அண்ணன் வாய் திறக்காததும் லெக்குக்கு ஒதுக்கியதும்தான் உங்களை அதிகம் நோகடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். அம்பயர்கள் ஓவருக்கு ஓவர் மாறி நிற்பதுதானே முறை? உங்களை மட்டும் ஒதுக்கினால் ஜெயித்தது அவன்தான். டாஸுக்கு முன்பே அமைப்பாளரிடம் இதைக் கேளுங்கள். கிரிக்கெட் சட்டம் 42-இன்படி இழிவான பேச்சுக்கு எச்சரிக்கை உண்டு, அதே அணி மறுபடி பேசினால் எதிரணிக்கு 5 ரன். இதை இரு கேப்டன்களிடமும் அந்த அண்ணனே சொல்லட்டும். எல்லாவற்றுக்கும் நீங்களே வாதாட வேண்டியதில்லை.

அப்பீல் வந்ததும் ஒரு மூச்சு விடுங்கள். பந்து எங்கே குத்தியது, எங்கே பட்டது, எங்கே போயிருக்கும் என்று ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவைச் சொல்லுங்கள். யாராவது தகாததைப் பேசினால் ஓவர், ஆள், வார்த்தை மூன்றையும் அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள், படுக்கைக்குக் கொண்டுபோக வேண்டாம். தூக்கக் கேடு மற்ற நாட்களுக்கும் பரவினால் 14416 என்ற அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஆண்கள் ஆடும் ரஞ்சிக் கோப்பையிலேயே 2023 ஜனவரியில்தான் முதன்முதலாக மூன்று பெண்கள் களத்தில் அம்பயராக நின்றார்கள். அந்த மூவரில் ஜனனி நாராயணன் சென்னைக்காரர், மென்பொருள் வேலையை விட்டுவிட்டு வந்தவர். (இதை அம்மாவிடம் சொல்லாதீர்கள், வேலையை விட்ட பகுதி மட்டும்தான் அவர் காதில் விழும்!) அம்மா பயப்படுவது ஊர் வாய்க்கு. தேர்வில் தேறும்வரை கம்பெனி வேலையை விடமாட்டேன் என்று உறுதி கொடுங்கள். வரன் வீட்டாரிடம் மட்டும் மறைக்க வேண்டாம், முதல் பேச்சிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள்.