சட்டைப் பையில் ஒரு மடக்குக் கத்தி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். வகுப்பறையில் பிளக்கின் மூடி கழன்றுவிடுகிறது. மேசை இழுப்பறையின் கைப்பிடி ஆடுகிறது. என் மூக்குக் கண்ணாடியின் கால் அடிக்கடி தளர்ந்துவிடுகிறது. இத்தகைய சில்லறை வேலைகளுக்காகத் திருப்புளிகளும் சேர்ந்த மடக்குக் கத்தி ஒன்றை எப்போதும் உடன் வைத்துக்கொள்ள விரும்புகிறேன். சாலையோரக் கடையில் பதினொரு கருவிகள் கொண்ட ஒன்று 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது. சுவிட்சர்லாந்துக் கத்தி என்றால் சில ஆயிரம் ஆகும் என்கிறார்கள். எதை, எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: கடைக்குப் போவதற்கு முன் நீங்கள் சொன்ன மூன்று திருகாணிகளையும் ஒருமுறை கூர்ந்து பாருங்கள். பிளக்கின் மூடியைப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஒற்றைக் கோடு வெட்டிய தலை கொண்ட திருகாணி. உள்ளே வயரை இறுக்கும் பித்தளைத் திருகாணியும் அவ்வகைதான். கைப்பிடியில் இருப்பது அநேகமாக ஸ்டார் தலை, அதாவது கூட்டல் குறி போன்ற பள்ளம் கொண்டது. ஸ்டார் தலைகளில் 0, 1, 2, 3 என்று அளவுகள் உண்டு. வீட்டிலும் பள்ளியிலும் அதிகம் கண்ணில் படுவது 2-ஆம் எண். மூக்குக் கண்ணாடியில் உள்ள திருகாணிக்கோ ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய முனை வேண்டும். ஆக, உங்களுக்குத் தேவைப்படுவது மூன்று முனைகளும் ஒரு நல்ல கத்தி அலகும்தான். பதினொரு கருவிகள் கொண்ட கத்தியில் இந்த மூன்றும் சரியான அளவில் இல்லாமற்போனால், மீதமுள்ளவற்றைச் சுமப்பதால் உங்களுக்குப் பயனொன்றும் இல்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின், மடக்கிய நிலையில் 91 மில்லிமீட்டர் நீளமுள்ள கத்திகளை எடுத்துக்கொள்வோம். உலகெங்கும் பரவலாகக் கிடைப்பவை, பல ஆண்டுகளாக அமைப்பு மாறாதவை என்பதால் இவற்றை உதாரணமாகச் சொல்கிறேன். இந்த வரிசையில் ‘ஸ்பார்ட்டன்’, ‘டிங்கர்’ என்னும் இரண்டும் ஏறக்குறைய 60 கிராம் எடையுள்ளவை. சட்டைப் பையைக் கீழே இழுக்காதவை. இரண்டிலும் பாட்டில் ஓப்பனரின் முனை 6 மில்லிமீட்டர் தட்டைத் திருப்புளியாகவும், டின் ஓப்பனரின் முனை 3 மில்லிமீட்டர் சிறு திருப்புளியாகவும் அமைந்திருக்கும். வேறுபாடு முதுகுப் பக்கத்தில்தான் இருக்கிறது. டிங்கரின் முதுகில் ஸ்டார் திருப்புளி. ஸ்பார்ட்டனின் முதுகில் புட்டித் தக்கையைப் பிடுங்கும் சுருள் கம்பி.

இதைக் கேட்டதும் டிங்கரைத்தான் வாங்க வேண்டும் என்று தோன்றும். சுருள் கம்பி நம் வீடுகளில் எதற்கு என்று பலரும் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சுருளுக்குள்ளே திருகிச் செருகி வைக்கும்படி, மூக்குக் கண்ணாடிக்கென்றே 1.5 மில்லிமீட்டர் குட்டித் திருப்புளி ஒன்றைத் தனியாக விற்கிறார்கள்; சில மாடல்களில் அது கத்தியோடு சேர்ந்தே வருகிறது. கத்திக்குள்ளேயே அடங்கிவிடுவதால் அது தொலைவதற்கான வாய்ப்பு குறைவு. இறுகிப்போன கயிற்று முடிச்சை அவிழ்க்கவும் அந்தச் சுருளின் முனை மிக நன்றாக உதவும். டிங்கரில் சுருள் இல்லையாதலால் இந்தக் குட்டித் திருப்புளியை வைக்க அதில் இடமே கிடையாது. மறுபுறம், ஸ்பார்ட்டனில் ஸ்டார் திருப்புளி இல்லாதது பெரிய குறையும் அன்று. டின் ஓப்பனரின் 3 மில்லிமீட்டர் முனை, 1, 2 ஆகிய எண்களுள்ள ஸ்டார் பள்ளங்களில் குறுக்கே உட்கார்ந்து, மிதமான இறுக்கத்துக்குத் தாராளமாக ஈடுகொடுக்கும்.

ஆகவே, உங்கள் மூன்று வேலைகளுக்கும் என் தேர்வு ஸ்பார்ட்டனும் அந்தக் குட்டித் திருப்புளியும்தான். ஸ்டார் திருகாணிகளோடுதான் அதிக வேலை என்றால் டிங்கரை வாங்கிக்கொண்டு, கண்ணாடிக்கடையில் கிடைக்கும் சிறு திருப்புளியைக் கண்ணாடிக் கூட்டிலேயே போட்டு வையுங்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். முதுகிலிருந்து செங்குத்தாக எழும் ஸ்டார் திருப்புளியைப் பிடித்துத் திருப்ப நல்ல வலு கிடைக்கும். ஆனால் மிக்ஸியின் அடிப்பகுதியைப் போல, திருகாணி ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அதன் நீளம் எட்டாது, கைப்பிடியும் சுற்றுச்சுவரில் முட்டிக்கொள்ளும். ‘எக்ஸ்ப்ளோரர்’ மாடலில் ஸ்டார் திருப்புளி கத்தியின் ஓரத்திலிருந்து நேராக நீள்வதால் இத்தகைய இடங்களுக்கு அது பொருந்தும். அதில் பூதக்கண்ணாடியும் கத்தரியும் உண்டு. தடிமனும் அதற்கேற்பக் கூடும்.

இந்தக் கத்தியின் வரலாற்றிலேயே திருப்புளிக்குத்தான் முதன்மை இடம் என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. சுவிஸ் ராணுவம் 1889-ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டபோது, அதைக் கழற்றிப் பூட்ட வீரர்களுக்குத் திருப்புளி வேண்டியிருந்தது. கத்தி, துளையிடும் ஊசி, டின் ஓப்பனர், திருப்புளி ஆகிய நான்கும் சேர்ந்த கத்தி அப்படித்தான் பிறந்தது. முதல் தொகுதி ஜெர்மனியின் ஸோலிங்கனில் செய்யப்பட்டது. 1891 முதல், விக்டோரினாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ல் எல்ஸனர் அதை சுவிட்சர்லாந்திலேயே செய்து கொடுக்கத் தொடங்கினார். சுருள் கம்பி சேர்ந்த அதிகாரிகளின் கத்தி 1897-இல்தான் வந்தது.

இனி 300 ரூபாய்க் கத்தி. விலை மலிவு என்பதற்காக மட்டும் அதைத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் சோதித்துப் பார்த்தே வாங்குங்கள். பழைய பிளக் ஒன்றைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். தட்டைத் திருப்புளியை அதன் திருகாணியில் வைத்துப் பாருங்கள்: முனை பள்ளத்தின் அடிவரை இறங்கி, அகலத்தை ஏறக்குறைய நிரப்பி, ஆட்டமில்லாமல் நிற்க வேண்டும். முனையின் விளிம்பு சதுரமாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். உளியைப் போலக் கூராகச் சரிந்திருந்தால், திருப்பும்போது அது பள்ளத்தை விட்டு எழும்பித் தலையைத் தேய்த்துவிடும். பிறகு நன்றாக இறுக்கி, அதன்பின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மலிவுக் கத்திகளில் பலவற்றின் எஃகு பதம் போடாதது; இந்த ஒரே இறுக்கத்தில் முனை முறுக்கிக்கொண்டிருப்பது கண்ணுக்கே தெரியும். கடைசியாக, ஒவ்வொரு கருவியையும் திறந்து பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். புதிதிலேயே ஆடுவது போகப்போக இன்னும் ஆடும்.

கத்தி அலகின் நுனியால் மட்டும் எக்காரணம் கொண்டும் திருகாணியைத் திருப்பாதீர்கள். விக்டோரினாக்ஸ் கத்திகளில் அலகின் கடினம், உலோகங்களின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவுகோலில் சுமார் 56, திருப்புளியின் கடினம் சுமார் 52. கூர் நிற்பதற்காக அலகைக் கடினமாகவும், முறுக்கத்தைத் தாங்குவதற்காகத் திருப்புளியைச் சற்று மென்மையாகவும் பதப்படுத்துகிறார்கள். கடினமான எஃகு வளையாது, நுனி தெறித்துவிடும்.

இந்த 91 மில்லிமீட்டர் கத்திகளின் திருப்புளிகளுக்குப் பூட்டு கிடையாது. உள்ளிருக்கும் வில்தகடுதான் அவற்றை நிறுத்தி வைக்கிறது. நேராக அழுத்தும்வரை ஆபத்தில்லை. மூடும் திசையில் பக்கவாட்டு விசை விழுந்தால் கருவி மடங்கி விரலை நசுக்கும். எனவே கருவி மடங்கி உள்ளே போகும் பிளவின் பக்கம் விரல் படாமல், முதுகுப் பக்கம் உள்ளங்கையில் பதியும்படி பிடியுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கருவிக்கு மேல் திறக்காதீர்கள். ஸ்டார் பள்ளத்தின் சுவர்கள் சரிவானவை. விசை கூடினால் முனை தானாகவே மேலே எழும்பும். ஆகவே திருப்பும் விசையைவிட அழுத்தும் விசை அதிகமாக இருக்கட்டும்.

பிளக் என்று நீங்கள் எழுதியிருப்பதால் இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கத்திக்குச் சிவப்புப் பிளாஸ்டிக் உறை போட்டிருப்பதால் அது மின்சாரத்தைத் தடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள். உறைக்கு நடுவே உலோகத் தகடுகள் வெளியே தெரிகின்றன. உங்கள் விரல் அவற்றின் மேல்தான் இருக்கும். மின்வேலைக்கான திருப்புளிகளில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற குறிப்பும் இருக்கும். எந்த மடக்குக் கத்தியும் அதற்கு ஈடாகாது. பிளக்கைச் சுவரிலிருந்து உருவிய பிறகே திறவுங்கள். சுவிட்சுப் பலகையைத் தொட வேண்டியிருந்தால் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஸ்விட்சை மட்டும் அணைப்பது போதாது. பழைய கட்டடங்களில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருப்பது சாதாரணமாக நடப்பது.

கேள்வி: மதுரையில் கணினி பழுதுபார்க்கிறேன். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும்போது எடுத்துச் செல்ல, பிட் (கழற்றி மாட்டும் திருப்புளி முனை) மாற்றும் வசதியுள்ள கத்தி நல்லதா?

பதில்: உங்கள் தொழிலுக்கு நல்லதுதான்; ஆனால் பிட்டின் அடிப்பகுதி எந்த வகை என்று பார்த்து வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 6.35 மில்லிமீட்டர், அதாவது கால் அங்குல அறுகோண பிட். மடிக்கணினிக்கான சிறு பிட் பெட்டிகளில் இருப்பவை பெரும்பாலும் 4 மில்லிமீட்டர். விக்டோரினாக்ஸின் ‘சைபர்டூல்’ இந்த 4 மில்லிமீட்டர் அளவைப் பயன்படுத்துகிறது. உங்களிடம் ஏற்கெனவே உள்ள பிட்டுகளைக் கடைக்கு எடுத்துச் சென்று பொருத்திப் பாருங்கள். குறடோடு கூடிய மடக்குக் கருவியான லெதர்மேன் ‘வேவ்’ போன்றவற்றில் பிட்டுகள் இருபுறமும் தட்டையாக்கப்பட்டவை. ஒன்று தொலைந்தால் பக்கத்துத் தெருக் கடையில் வாங்க முடியாது. மேலும் வேவின் எடை 241 கிராம். அது இடுப்பு வாரில் மாட்டுவதற்குரியது, சட்டைப் பைக்குரியதன்று. ஆனால் அதில் உள்ள குறடு உறுதியானது. குறடு உங்களுக்கு அடிக்கடி தேவைப்பட்டால் அந்த எடையைச் சுமப்பதில் நியாயம் உண்டு. ஸ்டார் திருகாணிக்குக் காப்புரிமை பெற்ற ஹென்றி பிலிப்ஸும், 1983-இல் லெதர்மேன் நிறுவனத்தைத் தொடங்கிய டிம் லெதர்மேனும் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்தைச் சேர்ந்தவர்களே என்பது தொழிலில் இருப்பவர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கலாம்.

கேள்வி: இத்தகைய கத்தியை வைத்திருப்பது சட்டப்படி குற்றமா? விமானத்தில் கொண்டுபோகலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: இந்திய ஆயுத விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைத்தான் ஆயுதப் பட்டியலில் சேர்க்கின்றன, வீட்டு வேலைக்கும் உழவுக்கும் தொழிலுக்குமாகச் செய்யப்பட்டவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. நாம் பேசும் கத்திகளின் அலகு 3 அங்குலத்தைக்கூட எட்டாது. பொத்தானை அழுத்தினால் தெறித்துத் திறக்கும் கத்தி வேறு வகை; டெல்லியில் 1980-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி அதற்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. அதை வாங்கவே வேண்டாம். விமானத்தில் கைப்பையில் கத்திக்கு அனுமதியில்லை, எவ்வளவு சிறியதானாலும். சரக்கோடு போகும் பெட்டியில் வைத்துவிடுங்கள். மெட்ரோ ரயில், நீதிமன்றம் போன்ற சோதனை உள்ள இடங்களுக்குப் போகும் நாளில் வீட்டில் விட்டுச் செல்வது நல்லது; வாயிலில் பறிகொடுத்தால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது.

கேள்வி: தூத்துக்குடியில் உப்பளத்துக்கு அருகில் வேலை. துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லி விற்ற கத்தியின் மூட்டுகளில் பழுப்புக் கறை படிகிறது, திறப்பதும் கடினமாகிவிட்டது.

பதில்: கூர் நிற்க வேண்டிய எஃகில் கரிமம் அதிகம் இருக்கும், சமையல் பாத்திர எஃகைப் போல அது உப்பை முழுமையாகத் தாங்காது. கருவிகள் எல்லாவற்றையும் திறந்து, வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தி, நீருக்குள்ளேயே ஒவ்வொன்றையும் பலமுறை மடக்கி விரியுங்கள். உள்ளே சேர்ந்த உப்பும் பஞ்சுத் தூசும் வெளியே வரும். பழைய பல் துலக்கியால் பிளவுகளைத் தேய்த்து, மேலும் ஒருமுறை நல்ல நீரில் அலசி, திறந்த நிலையிலேயே மின்விசிறிக் காற்றில் ஓரிரவு உலரவிடுங்கள். பிறகு மூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து மேலும் தூசைப் பிடிக்கும். தையல் இயந்திர எண்ணெய் மூட்டுக்கு ஏற்றது; ஆனால் அதே கத்தியால் பழம் நறுக்குவதாக இருந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினைப் பயன்படுத்துங்கள். உப்பளக் காற்றில் இருப்பவர்கள் இதை வாரம் ஒருமுறை செய்தால், மூட்டு மறுபடி இறுகாமல் இருக்கும்.