தேதியை முதலில் பிடியுங்கள்

கேள்வி: தனியார் பள்ளி ஆசிரியை நான். பகுதி நேரமாகப் பிஎச்.டி. செய்கிறேன். துறைமுகத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் பெண்களைப் பற்றிய ஆய்வு. கோர்ஸ் ஒர்க் (ஆய்வுக்கு முந்தைய பாடங்கள்) முடிந்துவிட்டது. அடுத்து டாக்டரல் கமிட்டி, அதாவது என் ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியர் குழு முன்னால் ஆய்வுத் திட்டத்தை வைக்க வேண்டும். கைடு "ரெடியானதும் சொல்லும்மா" என்கிறார். கமிட்டியில் ஒருவர் வெளியூர். எப்போது தேதி கேட்பது, எப்படித் தயாராவது? கேள்வி கேட்டு மடக்கிவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது.
— வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: 'ரெடியான நாள்' என்று ஒன்று தானாக வராது சகோதரி. தேதி குறித்தால்தான் எழுத்து ஓடும். இந்த வாரமே போய் உங்கள் சாரைப் பாருங்கள், ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். கேள்வி என்ன, எந்த இடம், யாரிடம் கேட்கப் போகிறீர்கள், எப்படி என்று ஒரே ஒரு பக்கம் எழுதி, அதன் அடியில் மூன்று தேதிகளையும் போட்டுக் கொடுங்கள். "எப்ப சார் வச்சிக்கலாம்?" என்று பொதுவாகக் கேட்டால் "பார்க்கலாம்மா" என்றுதான் பதில் வரும், தேதியோடு கேட்டால் அவர் டைரியைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

வெளியூர்க்காரரின் தேதியை முதலில் வாங்குங்கள், உள்ளூரில் இருப்பவர்கள் அதற்கு ஒத்துவருவது எளிது. நீங்களாகப் போன் போட வேண்டாம். சார் ஒரு வார்த்தை பேசிய பிறகு நீங்கள் மெயில் அனுப்புவதுதான் நம் பக்கத்து முறை. அவர் ஆன்லைனில் கலந்துகொள்ள உங்கள் பல்கலைக்கழகம் அனுமதிக்கிறதா என்று ஆய்வுப் பிரிவில் கேட்டு வையுங்கள். திட்ட அறிக்கை எல்லோர் கைக்கும் இரண்டு வாரம் முன்னதாகவே போய்விட வேண்டும், மெயிலில் ஒன்று, அச்சில் ஒன்று. முந்தின நாள் ராத்திரி கிடைத்த அறிக்கையை யாரும் படித்துவிட்டு வர மாட்டார்கள், படிக்காதவர்கள் கேட்கும் கேள்விதான் ஊரைச் சுற்றும்.

நவம்பர், டிசம்பர் வேண்டாம். தானே புயல் 2011 டிசம்பர் 30-லும் ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30-லும் நம் கரையில்தான் ஏறின, வெளியூரிலிருந்து ஒருவரை அந்த மழையில் வரச் சொல்வது பெரிய பாடு. மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு, உங்களுக்கு லீவு கிடைக்காது. ஜூலையிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை வைத்துக்கொண்டால் நல்லது. ஆனால் அதற்காக ஒரு வருஷம் தள்ளிப் போடாதீர்கள். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6, கோர்ஸ் ஒர்க் காலமும் அதில்தான் சேரும். பெண்களுக்குக் கூடுதல் காலம் உண்டுதான், அதைக் கடைசி அவசரத்துக்கு வைத்திருங்கள்.

இனி பயத்துக்கு வருவோம். ஆய்வுத் திட்டத்தைப் பார்த்துத் தலைப்பை முடிவு செய்வதும், ஆய்வு முறையை வகுக்க உதவுவதும் அந்தக் கமிட்டியின் வேலை என்று விதியே சொல்கிறது. உங்களை அனுப்பிவிடுவதற்காக அவர்கள் கூடுவதில்லை. இன்றைக்கு ஒருவர் "இது ரொம்ப அகலம், பாதியை வெட்டும்மா" என்றால் சில பக்கங்களைத் திருத்தினால் போதும், அதையே நூறு பெண்களிடம் பேட்டி எடுத்த பிறகு சொன்னால் அழுகைதான் வரும்.

உங்கள் தலைப்பைப் பார்த்ததும் எனக்கே கேட்கத் தோன்றுகிற கேள்விகளைச் சொல்கிறேன். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் இந்தப் பெண்கள் எதை விற்கிறார்கள்? நாட்டுப் படகு மீனா, கருவாடா, வெளியூரிலிருந்து ஐஸில் வரும் மீனா, இல்லை கடன் வாங்கிச் சாப்பிடுகிறார்களா? உங்கள் களப்பணி தடைக்காலத்தையும் சேர்த்துப் பார்க்கிறதா? விடியற்காலை ஏலத்தில் நிற்கும் பெண்ணிடம் எத்தனை நிமிஷம் பேச முடியும், வியாபாரம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு பேசுவதுதானே நியாயம்? அவர் கடன் விவரத்தைச் சொன்னால் பெயரை எப்படி மறைப்பீர்கள்? சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினம் பக்கமெல்லாம் எத்தனையோ ஆய்வாளர்கள் வந்து போய்விட்டார்கள், அவர்கள் கேட்காத எதை நீங்கள் கேட்கிறீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வி கட்டாயம் வரும். முடிந்த ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா, மற்றவர்கள் பதிந்த ஆய்வுத் திட்டங்களுக்கு ஷோத்கங்கோத்ரி என்ற இணையதளங்கள் உண்டு, இரண்டையும் பொறுமையாகத் தேடிவிட்டுப் போங்கள்.

பிபிடி இருபது நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். வீட்டில் வாய்விட்டுப் பேசிப் பாருங்கள், துறையில் இரண்டு ஜூனியர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால் "இதை நான் யோசிக்கவில்லை சார், பார்த்துச் சேர்க்கிறேன்" என்று சொல்லலாம், அதில் குறையே இல்லை. அவர்கள் சொல்வதையெல்லாம் குறித்துக்கொள்ள ஒரு தோழியை உட்காரவைக்க அனுமதி கேளுங்கள், பதற்றத்தில் நமக்குப் பாதி காதில் விழாது. மீட்டிங் முடிந்த அன்றே மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அதை விட்டால் ஒவ்வொருவர் வீடாக அலைய வேண்டும்.

அப்புறம் ஒன்று. சால்வை, ஓட்டல் சாப்பாடு என்று கைக்காசைச் செலவழிக்காதீர்கள். டீ, பிஸ்கட் போதும். ஆய்வு மாணவர் சம்பளத்தில் பேராசிரியர்கள் விருந்து சாப்பிடும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் பிஎச்.டி. படிக்கிறாள். 'புரபோசல் டிஃபென்ஸ்' முடிந்தது, திருத்தங்களோடு பாஸ் என்கிறாள். அப்படியென்றால் சரியாகச் செய்யவில்லையா? இதோடு பட்டம் வந்துவிடுமா?
— வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கவலைப்படாதீர்கள் ஐயா, திருத்தம் சொல்லிப் பாஸ் போடுவது அங்கே சர்வ சாதாரணம். ஆனால் பட்டம் இப்போது இல்லை. வகுப்புகள், தகுதித் தேர்வு எல்லாம் முடிந்த பிறகு 'இதைத்தான் ஆராயப் போகிறேன்' என்று கமிட்டி முன் சொல்லி ஒப்புதல் வாங்குவது இது. ஆய்வை முடித்து, ஆய்வேடு எழுதி, இன்னொரு முறை அதே கமிட்டி முன் நிற்க வேண்டும். மனிதர்களிடம் தகவல் திரட்டும் ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் தனியாக வாங்க வேண்டும். அங்கே பல பேராசிரியர்களுக்கு ஒன்பது மாதச் சம்பளம்தான், கோடை விடுமுறையில் ஆளைப் பிடிப்பது கடினம், கமிட்டியைக் கூட்டித் தேதி வாங்குவதும் பெரும்பாலும் மாணவர் தலையில்தான் விழும். ஆகவே மகள் போன் செய்யும்போது "எப்ப முடியும்?" என்பதை விட்டுவிட்டு "என்னம்மா திருத்தச் சொன்னாங்க?" என்று கேளுங்கள், ஆசையாகச் சொல்வாள்.