சுவரில் ஏறிய புகை வாடை: கழுவாமல் பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்

குன்னூரில் இருபது வருடத்துக்கும் மேலாக பெயின்டிங் வேலை எடுத்துச் செய்கிறேன். நம் மலையில் கணப்பும் விறகடுப்பும் இல்லாத பழைய வீடு அபூர்வம். ஜன்னலும் பாதி நாள் சாத்தியே கிடக்கும். அதனால் புகை வாடை பற்றி வந்த கேள்விகள்தான் இந்த முறை அதிகம். முடிந்தவரை எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறேன்.

கோத்தகிரியிலிருந்து: அண்ணா, நாங்கள் வாங்கிய வீட்டில் முன்பு இருந்தவர் உள்ளேயே சிகரெட் பிடிப்பாராம். போன கோடையில் நல்ல எமல்ஷன் இரண்டு கை அடித்தோம். ஐப்பசி மழை பிடித்ததும் வாடை திரும்பி வந்துவிட்டது, சுவரில் மஞ்சள் திட்டும் தெரிகிறது. பெயின்ட் மட்டமா?

பெயின்ட் மேல் தப்பே இல்லை அக்கா. சிகரெட் புகையிலிருக்கும் தாரும் நிக்கோட்டினும் சுவரில் பிசுபிசுவென்று ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும், எமல்ஷன் தண்ணீரில் கலந்த பெயின்ட் என்பதால் அந்த ஈரம் படலத்தைக் கரைத்துத் தன்னோடு மேலே இழுத்து வந்துவிடும். நீங்கள் பார்க்கிற மஞ்சள் திட்டு அதுதான். வாடை காற்றில் இல்லை, சுவரில் இருக்கிறது. மழைக்காலத்தில் சுவர் ஈரம் குடிக்கும்போது உள்ளே ஒட்டியிருந்தது வெளியே வருகிறது, அதனால்தான் கோடையில் தெரியாதது இப்போது மூக்கில் ஏறுகிறது.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். வெள்ளைத் துணியை சோடாத் தண்ணீரில் நனைத்து, பெயின்ட் அடிக்காமல் விட்ட இடத்தில், கதவு நிலைக்கு மேலேயோ அலமாரிக்குப் பின்னாலோ, உள்ளங்கை அகலத்துக்குத் தேயுங்கள். டீ டிக்காஷன் நிறத்தில் தண்ணீர் வழிந்தால் வீடு முழுக்க அப்படித்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது செய்ய வேண்டியது: கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஆயில் பிரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் எண்ணெய் அடிப்பூச்சு) ஒரு கை, தேவைப்பட்டால் இரண்டு கை, அதற்கு மேல் எமல்ஷன். தண்ணீர் பிரைமர் இந்த வேலைக்கு உதவாது, அதுவும் கறையைக் கரைத்து இழுக்கும்.

ஊட்டியிலிருந்து: எதைப் போட்டுக் கழுவுவது? கடையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

சலவை சோடா போதும். பத்து லிட்டர் வெந்நீருக்கு அரை டம்ளர் சோடா, கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம். ஆப்ப சோடா வேறு, அது சுவர்ப் பிசுக்கை எடுக்காது. கையுறை கட்டாயம், சீலிங் கழுவும்போது கண்ணாடியும் போடுங்கள், சோடாத் தண்ணீர் கண்ணில் விழுந்தால் எரிச்சல் சாதாரணமாக இருக்காது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். முதலில் சீலிங், அப்புறம் சுவர். சுவரைக் கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் கோடு கோடாக இறங்கும், அந்தக் கோடு பிறகு போகாது. வாளித் தண்ணீர் பழுப்பானதும் மாற்றுங்கள், அதே தண்ணீரில் நான்கு சுவரையும் முடித்தால் வாடையை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் பூசியதாகத்தான் ஆகும். கடைசியில் நல்ல தண்ணீரால் இரண்டு முறை துடையுங்கள், சோடா தங்கினால் பிரைமர் பிடிக்காது.

இன்னொன்று. சீக்கிரம் வெளுக்கட்டும் என்று பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைக் கலக்கிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து, தயவுசெய்து வேண்டாம்.

சுவரில் பழைய டிஸ்டெம்பர் (தண்ணீரில் கரைத்து அடிக்கும் சுண்ணப்பொடிப் பூச்சு) இருந்தால் கழுவும்போதே கூழாகிக் கரைந்து வரும். அதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிடுவதுதான் வழி.

குன்னூர் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து: சமையலறையில் விறகடுப்பு. சுவர், தகரக் கூரை எல்லாம் கரி. சுண்ணாம்பு அடித்தால் மூன்று மாதத்தில் பழுப்பாகிவிடுகிறது. என்ன செய்யலாம் அண்ணா?

உங்களுக்கு வேலை முறையே வேறு தம்பி. காய்ந்த கரியில் முதலில் தண்ணீர் படக்கூடாது, பட்டால் மை மாதிரி தேய்ந்து சுவருக்குள் இறங்கிவிடும். மூக்கை நன்றாகக் கட்டிக்கொண்டு, தரையில் சாக்கு விரித்து, கூரையிலிருந்து கீழாகத் துடைப்பத்தால் உதிர்த்து எடுங்கள். அடுப்புக்கு நேர் மேலே பளபளவென்று கெட்டியாகக் கறுப்பு ஒட்டியிருக்கும் பாருங்கள், அது கரி இல்லை, விறகுப் புகையின் தார். அதைப் பட்டித் தகட்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பழைய சுண்ணாம்பு அடுக்குகளில் பொருக்கு விட்டதெல்லாம் வரட்டும். அப்புறம் சோடாத் தண்ணீர், காய்ந்ததும் புதுச் சுண்ணாம்பு. பழுப்பு விடாமல் தெரிகிற இடத்தில் மட்டும் தச்சர்கள் போடும் அரக்கு பாலிஷ் ஒரு கை கொடுத்து மூடலாம், ஆனால் அந்த இடத்தில் சுண்ணாம்பு பிடிக்காது, எனாமல்தான் அடிக்க வேண்டும். அரக்கு ஸ்பிரிட்டில் கரைத்தது, சட்டென்று தீப்பிடிக்கும். காயும் வரை அடுப்பு மூட்டாதீர்கள்.

ஆனால் மூன்று மாதத்தில் பழுக்கிறது என்றால் சுவரை விட விறகைப் பார்க்க வேண்டும். வெட்டிய கையோடு பச்சைச் சீகை விறகை எரித்தால் சூட்டில் ஒரு பகுதி ஈரத்தை விரட்டவே போய்விடும், விறகு சரியாக எரியாமல் புகையாகி உங்கள் சுவரிலும், அதைவிட முக்கியமாக அடுப்பு முன்னால் உட்காருகிற அம்மாவின் நெஞ்சிலும் படியும். பிளந்து, மழை படாமல் ஆறு மாதமாவது அடுக்கி வைத்த விறகு எரியட்டும். அடுப்புக்கு மேல் ஒரு தகரப் புகைபோக்கி, கூரைக்கு வெளியே தலை நீட்டும்படி. அந்தச் செலவை முதலில் செய்யுங்கள், சுண்ணாம்பு அடுத்த மாதம் அடித்துக்கொள்ளலாம்.

ஊட்டியிலிருந்து இன்னொருவர்: பழைய பங்களா. கணப்பு மூட்டியே இரண்டு வருடம் ஆகிறது, ஆனால் மழை பெய்தால் ஹாலில் புகை வாடை. எத்தனை முறைதான் பெயின்ட் அடிப்பது?

ஐயா, ஹாலை விட்டுவிட்டுப் புகைபோக்கிக்கு ஆள் கூப்பிடுங்கள். உள்ளே பல வருடத் தார் அப்பியிருக்கும். மழைத் தண்ணீர் அதில் இறங்கி, காற்றும் எதிர்ப்பக்கமாகத் தள்ளினால் வாடை நேராக ஹாலுக்குத்தான் வரும். துலக்கி எடுத்து, மேலே மழை விழாதபடி தொப்பி போடுங்கள். அந்தத் தார் தீப்பிடிக்கக் கூடியது, இனி கணப்பு மூட்டுவதாக இருந்தால் துலக்காமல் மூட்டவே கூடாது.

பங்களாச் சுவர் சுண்ணாம்புச் சாந்தாக இருக்கும், அது மூச்சு விடுகிற சுவர். முழுவதும் ஆயில் பிரைமர் அடித்து அடைத்தால் ஈரம் உள்ளேயே நின்று பெயின்ட் கொப்புளமாகக் கிளம்பும். கறை உள்ள இடத்தை மட்டும் பிரைமரால் அடைத்துவிடுங்கள். கதவு ஜன்னலில் பழைய எனாமல் இருந்தால் காய்ந்தபடி உப்புத்தாள் போட வேண்டாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய அடுக்குகளில் என்ன இருக்கிறதென்று யார் கண்டது? தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கூடலூரிலிருந்து: நீலகிரித் தைலம் தெளித்து சாம்பிராணி போட்டால் போகாதா?

போகாது. ஒரு மணி நேரம் தைல வாசனை வரும், அப்புறம் இரண்டும் சேர்ந்து வரும். சாம்பிராணியும் புகைதான் அக்கா.

காட்டேஜ் நடத்தும் ஒருவர்: ஓசோன் மிஷின் வாடகைக்குத் தருகிறார்கள், ஒரே ராத்திரியில் வாடை போய்விடுமாம். எடுக்கலாமா?

நான் எடுக்க மாட்டேன். ஓசோன் நுரையீரலைப் பாதிக்கும் வாயு, ரப்பரையும் கெடுக்கும். அதோடு சுவரில் இருக்கும் படலம் அப்படியே இருக்கும். அந்த வாடகைப் பணத்தில் இரண்டு ஆளுக்குக் கூலி கொடுத்துச் சுவரைக் கழுவலாம். மெத்தை பழையது என்றால் மாற்றிவிடுங்கள், ஸ்பாஞ்சுக்குள் போன புகை வெளியே வராது. திரைச்சீலையைத் துவைத்து வெயிலில் போடுங்கள். பல்புகளைத் துடைத்தீர்களா? அதில் படிந்த பிசுக்கு சூடாகும்போதெல்லாம் வாடை விடும், யாரும் கவனிக்காத இடம் அது. பலகை சீலிங் என்றால் சோடா வேண்டாம், மரம் கறுக்கும். சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, காயவிட்டு, அரக்கு பாலிஷ் இரண்டு கை.

கொடைக்கானலிலிருந்து: எந்த மாதத்தில் அடிப்பது நல்லது?

பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை, கொடைக்கும் நமக்கும் அதுதான். பனிக்காலத்தில் அவசரம் என்றால் காலை பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து மூன்று மணிக்குள் முடியுங்கள், பத்து டிகிரிக்குக் கீழே குளிர் போனால் எமல்ஷன் சரியாகப் படலம் கட்டாது. சீக்கிரம் காயட்டும் என்று மூடிய அறையில் கரி அடுப்பு வைக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். குளிருக்காகவும் வேண்டாம், பெயின்டுக்காகவும் வேண்டாம்.

கோத்தகிரி அக்கா மறுபடி: பிரைமர் அடித்த பிறகு வாடை நின்றுவிட்டதா என்று எப்படித் தெரியும் அண்ணா? பெயின்ட் வாசனையில் ஒன்றும் புரியாதே.

ஆயில் பிரைமர் வாசனை போக மூன்று நான்கு நாள் ஜன்னலைத் திறந்து விடுங்கள். அப்புறம் ஒரு ராத்திரி முழுக்கச் சாத்தி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் வெளியே கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்து கதவைத் திறங்கள். முதல் மூச்சில் தெரிந்துவிடும். வீட்டுக்காரருக்கு மூக்கு பழகியிருக்கும், பக்கத்து வீட்டு ஆளையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். வாடை இருந்தால் இன்னொரு கை பிரைமர், இல்லையென்றால் அன்றைக்கே எமல்ஷன் ஆரம்பிக்கலாம்.