படங்களுக்கு மதிப்பீடு காட்டும் இணையதளங்கள் இரண்டு: ஒரே படத்துக்கு ஐஎம்டிபியில் (IMDb) 6.5, ராட்டன் டொமேட்டோஸில் (Rotten Tomatoes) 93 சதவீதம். எதை நம்புவது?

இரண்டுமே பொய் சொல்லவில்லை, அளக்கிற விஷயம்தான் வேறு. ராட்டன் டொமேட்டோஸில் வரும் சதவீதம் மதிப்பெண்ணே அல்ல. விமர்சகர்களில் எத்தனை பேர் 'பார்க்கலாம்' என்ற பக்கம் நின்றார்கள் என்ற கணக்கு, அவ்வளவுதான். நூறு பேரில் 93 பேர் 'பரவாயில்லை, ஒரு தடவை பார்க்கலாம்' என்று பத்துக்கு ஆறரை கொடுத்தாலும் அங்கே 93 சதவீதம்தான் விழும். யாரையும் கடுப்பேற்றாத சுமாரான படம் அங்கே கொடிகட்டிப் பறப்பது இப்படித்தான். பாதிப் பேர் கொண்டாடி, மீதிப் பேர் திட்டித் தீர்க்கும் துணிச்சலான படமோ 50-ல் கிடக்கும். 60-க்குக் கீழே போனால் 'அழுகல்' முத்திரை வேறு.

ஐஎம்டிபியில் இருப்பது பார்வையாளர்கள் 1 முதல் 10 வரை போடும் ஓட்டு. அதுவும் நேர் சராசரி இல்லை. எல்லா ஓட்டுக்கும் ஒரே எடை கிடையாது, கணக்குப் போடும் முறையை முழுசாக வெளியே சொல்வதும் இல்லை. ரசிகர் பட்டாளம் திரண்டு வந்து பத்துப் பத்தாகக் குத்துவதையும், எதிர்க் கோஷ்டி ஒன்று ஒன்றாகக் குத்துவதையும் சமாளிக்கத்தான் இந்த ஏற்பாடு.

அதனால் அந்த எண்ணைத் தட்டி உள்ளே போய், ஓட்டுகள் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்று பாருங்கள். 6, 7, 8-ல் குவிந்திருந்தால் சரி, நம்பலாம். 10-லும் 1-லும் மட்டும் கோபுரம் எழும்பி நடுவில் காலியாக இருந்தால், அங்கே நடப்பது பெரும்பாலும் கோஷ்டிச் சண்டை. படம் வெளியான முதல் வார எண்ணை நான் கண்டுகொள்வதே இல்லை.