மண்டையும் கழுத்தும் சேருமிடத்துப் பிறவிக் கோளாறுகள்: கேள்வி பதில்

கே: மனைவிக்குத் தலைவலி. எம்.ஆர்.ஐ.யில் சிறுமூளை 6 மி.மீ. இறங்கியிருக்கிறது, 'கியாரி 1' என்கிறார்கள். உடனே ஆபரேஷனா சார்?

அவசரப்படாதீர்கள். சிறுமூளையின் அடிநுனி மண்டையோட்டின் அடித்துளையைத் தாண்டி 5 மி.மீ.க்கு மேல் இறங்கினால் கியாரி என்பது வழக்கம். அப்படி இறங்கியும் தொல்லையில்லாமல் இருப்பவர்கள் ஏராளம். இருமினால், தும்மினால், முக்கினால் பிடரியில் சுளீரென்று வலிக்கிறதா? அதுதான் கியாரி வலி. வெளிச்சம் கூசி, நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்தால் ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம். அதற்குக் கத்தி வைத்துப் பயனில்லை.

கே: தம்பிக்குத் தோசைக்கல்லில் கை பட்டும் சுடவில்லை. கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். கியாரியில் இறங்கிய சிறுமூளை, மூளை தண்டுவட நீரின் வழியை அடைக்கும். நீர் தண்டுவடத்துக்குள்ளேயே குழலாகத் தேங்கிவிடும். பெயர் சிரிங்கோமயிலியா. சூட்டையும் வலியையும் கொண்டுபோகும் நரம்பிழைகள் தண்டுவடத்தின் நடுவில் குறுக்கே கடப்பதால் முதல் அடி அவற்றுக்கு; தொடு உணர்ச்சி பின்பக்கமாகப் போவதால் தப்பிக்கும். கண்ணை மூடிக்கொண்டே சட்டைப் பொத்தான் போடுபவருக்குக் காபி டம்ளர் சுடுவது தெரியாது. தொழுநோயோ என்று பயந்து வருபவர்களும் உண்டு; அதில் பெரும்பாலும் தொடு உணர்ச்சியும் போய்விடும். எம்.ஆர்.ஐ.யைத் தலையோடு நிறுத்தாமல் முதுகெலும்பு முழுவதற்கும் எடுக்கச் சொல்லுங்கள்.

கே: ஆபரேஷனில் என்னதான் செய்வீர்கள்?

கியாரி மட்டும் என்றால், பிடரி எலும்பில் கொஞ்சமும் முதல் கழுத்தெலும்பின் பின்வளைவும் எடுத்து, பெரும்பாலும் மூளையுறையில் ஒட்டுப்போட்டு இடம் உண்டாக்குவோம். முதல் இரண்டு கழுத்தெலும்புகள் ஆட்டம் கண்டிருந்தால் கதை வேறு. வெறுமனே எலும்பை எடுத்தால் ஆட்டம் கூடும், பூட்டத்தான் வேண்டும். பக்கவாட்டில் திருகாணியும் தகடும் வைத்துப் பூட்டும் முறையை மும்பையின் நரம்பியல் அறுவை மருத்துவர் அதுல் கோயல் 1994இல் வெளியிட்டார். பூட்டியபின் கழுத்துத் திருப்பம் ஏறக்குறையப் பாதி குறையும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கே: மகனுக்குக் குட்டைக் கழுத்து, பின்முடி தாழ இறங்கியிருக்கிறது. சலூனில் கழுத்துக்குச் சொடக்கு எடுக்கலாமா?

கூடவே கூடாது! கழுத்தெலும்புகள் பிறவியிலேயே ஒட்டியிருக்கும் கிளிப்பெல்-ஃபீல் ஆக இருக்கலாம். கழுத்தைக் குனிந்தும் நிமிர்த்தியும் எக்ஸ்ரே எடுத்து ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கும்வரை குட்டிக்கரணமும் வேண்டாம்.

கே: கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே போனதாலா இப்படி?

இல்லை.