வாசகர் கேள்வி – பதில்: கச்சான் காலத்தில் கரையோரப் படகுப் பயணம்

கேள்வி: ஆகஸ்ட் விடுமுறையில் நானும் கணவரும் திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியிலிருந்து குச்சவெளி வரை கரையை ஒட்டியே படகில் போய், ஆள் நடமாட்டமில்லாத சிறு குடாக்களில் தங்கி, ஆறுதலாக இரண்டு நாளில் திரும்பலாம் என்றிருக்கிறோம். 18 அடி பைபர் படகு, 15 குதிரைவலு எஞ்சின். கடல் குளம்போலக் கிடக்கிறது, பயமில்லை என்கிறார் இவர். சரிதானா?
– ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: குளம்போலக் கிடப்பது உண்மை. ஏன் அப்படிக் கிடக்கிறது என்பதையும் அவர் யோசித்தால் நல்லது. மே முதல் செப்டெம்பர் வரை இங்கே கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து, அதாவது தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. கரைக்குக் கிட்ட அலை எழும்ப அதற்குத் தூரம் போதாது, அவ்வளவுதான். எஞ்சின் நின்றுவிட்டால் அதே காற்றுத்தான் படகை வங்காள விரிகுடாவுக்குத் தள்ளிக்கொண்டு போகும். கச்சான் ஏறிவிட்டால் வெறும் படகு மணிக்கு இரண்டு மூன்று கிலோமீற்றர் விலகும். எதிர்த்துத் துடுப்பு வலித்துக் கரை சேரலாம் என்று நம்பவேண்டாம்.

அதனால் ஒரே ஒரு கட்டுப்பாடு: உங்கள் நங்கூரக் கயிறு தாங்கும் ஆழத்துக்குள்ளேயே ஓடுங்கள். கயிறு 50 மீற்றர் என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்கு, 10 மீற்றர் ஆழம்தான் எல்லை (ஏன் என்பது அடுத்த பதிலில்). எஞ்சின் நின்றதும் முதல் வேலை நங்கூரம் போடுவது. பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது பிறகு. நிலாவெளிக்கு வடக்கே இப்படி ஓடுவது சிரமமில்லை. திருகோணமலைத் துறைமுக வாய்ப் பக்கம் வேறு கதை. அங்கே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிகக் கிட்டவே தொடங்கி நூற்றுக்கணக்கான மீற்றர் இறங்குகிறது, நங்கூரம் தரை தொடாது. (திமிங்கிலங்கள் திருகோணமலைக்கு இவ்வளவு கிட்ட வருவதற்கும் அந்த ஆழம்தான் காரணம்.) அந்தப் பக்கம் கடற்படை எல்லைகளும் உண்டு, கேட்காமல் நுழையாதீர்கள்.

போகும்போதும் திரும்பும்போதும் காற்று ஒரேபோல இருக்காது. போன கணக்கை வைத்து வரும் எரிபொருளைக் கணிப்பதுதான் பலரும் விடும் பிழை. குச்சவெளி ஏறத்தாழ 20 கிலோமீற்றர். இந்த எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு 6 லீற்றரளவில் குடிக்கும். 25 லீற்றர் கொண்டுபோங்கள். மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் எங்கே நின்றாலும் திருப்புங்கள். திரும்பும் நாளில் விடியலோடு புறப்பட்டு, வெயில் ஏறுமுன் நிலாவெளிக்கு வந்துவிட வேண்டும்.

இன்னொன்று, இது கரைவலைக் (கரையில் நின்று இழுக்கும் பெருவலை) காலம். வலை வளைத்திருந்தால் கரைக்கும் மிதப்புக்கும் நடுவால் குறுக்கே ஓடாதீர்கள். வலையின் மடியையும் (மீன் சேரும் பை) தாண்டி வெளியால் சுற்றிப் போங்கள். கயிறு புரொப்பெல்லரில் சுற்றினால் உங்கள் பயணமும் போச்சு, அவர்களின் ஒருநாள் உழைப்பும் போச்சு. இறக்கக்கண்டிக் களப்பு வாயில் மணல் திட்டு இடம் மாறிக்கொண்டிருக்கும். நுரை தெரிகிற இடத்தில் நுழையவே வேண்டாம்.

கேள்வி: கடையில் வாங்கிய நான்கு கொக்கி நங்கூரம் குடாக்களில் நிற்காமல் இழுபடுகிறது. பாரம் போதாதா?
– ஒரு வாசகர், சாம்பல்தீவு

பதில்: பாரம் அல்ல, வகை. நான்கு கொக்கி பாறைக்கு உரியது. மணலை உழுதுகொண்டே வரும். மணலுக்குத் தகடு வைத்த நங்கூரம் வேண்டும். அடுத்தது கயிற்றின் நீளம். நேர் கீழே விட்டுக் கட்டினால் படகு ஒவ்வொரு முறை எழும்பும்போதும் நங்கூரத்தைப் பிடுங்கும். ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு கயிறு விடுங்கள், இரவில் ஏழு மடங்கு: 4 மீற்றர் ஆழத்தில் பகலில் 20, இரவில் 28. நங்கூரத்தோடு 3 மீற்றர் சங்கிலி சேர்ந்தால் இழுவை தரையோடு படியும். நமது கடலில் வற்று பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு, அதற்காகத் தனிக் கணக்கு வேண்டாம்.

இரவு தங்குவதென்றால் இதைவிட நல்ல வழி உண்டு. காற்று தரையிலிருந்துதானே வருகிறது? அணியத்தை (படகின் முன்பக்கம்) கரைப்பக்கம் திருப்பி, இரண்டாவது நங்கூரத்தைக் கடற்கரை மணலில் முழங்கையளவு குழி தோண்டிப் புதைத்து, அதிலிருந்து கயிறு கட்டுங்கள். பின்பக்க நங்கூரம் படகு சுழலாமல் பார்த்துக்கொள்ளும். நிழலுக்குக் கட்டிய படங்கை இருட்டுமுன் அவிழ்த்துவிடுங்கள். கச்சானில் அது பாய்போல ஊதி நங்கூரத்தை இழுக்கும். எல்லாத் திசைக்கும் தெரிகிற வெள்ளை விளக்கு ஒன்று எரியட்டும், மீன்பிடிப் படகுகள் இருட்டில்தான் ஓடுகின்றன.

கேள்வி: எஞ்சின் பத்து நிமிடம் நன்றாக ஓடி, இருமி நின்றுவிடுகிறது. சற்றுப் பொறுத்தால் மீண்டும் இயங்குகிறது.

பதில்: எரிபொருள் தாங்கி மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறந்தீர்களா? அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடமாகி எரிபொருள் வராது. மூடியைத் திறக்கும்போது ‘ஸ்ஸ்’ என்று காற்று இழுத்தால் அதுதான் நோய். இல்லையென்றால் வடிகட்டியில் தண்ணீர் இருக்கிறதா பாருங்கள். குளிரூட்டும் நீர் பீச்சுவது நின்றிருந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். பெரும்பாலும் கீழே உறிஞ்சும் துளையில் பொலித்தீன் பை ஒட்டியிருக்கும்.

கேள்வி: வழியில் புறாமலையில் இறங்கலாமா? சாப்பாட்டுக்கு என்ன கொண்டுபோகலாம்?

பதில்: புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டு வேண்டும். பவளப்பாறை மேல் நங்கூரமும் போடக்கூடாது, காலும் வைக்கக்கூடாது.

தேங்காய்ப்பால் விட்ட கறி மத்தியானத்துக்குள் புளித்துவிடும். பாணும் கட்டைச் சம்பலும் தாங்கும். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர், ஒரே கலனில் அல்ல, இரண்டு மூன்றாகப் பிரித்து.