ஐந்து கிரில்களில் எதை விற்றேன், எதை விற்றது தப்பு

கேள்வி: "வீட்டுக்குப் பின்னால் கெட்டில், கேஸ், பெல்லட், கமாடோ, ஆஃப்செட் என்று ஐந்து கிரில், ஸ்மோக்கர் சேர்ந்துவிட்டன. இரண்டு மூன்று போதாதா என்று வீட்டில் கேட்கிறார்கள். எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது?"

மூன்று வருடத்துக்கு முன் இதே ஐந்தும் என் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக நின்றன. கரியில் சுடும் உருண்டைச் சட்டி கெட்டில், மரக்குச்சிகளைத் தானாகத் தள்ளி எரிப்பது பெல்லட், கனத்த பீங்கான் கரி அடுப்பு கமாடோ, பக்கத்துப் பெட்டியில் விறகை எரித்துப் புகையில் சமைப்பது ஆஃப்செட். நேரே தணலில் சுட்டால் கிரில், மிதமான சூட்டிலும் புகையிலும் மணிக்கணக்கில் சமைத்தால் ஸ்மோக்கர். அதனால் இந்தக் கேள்வியைக் கடந்துபோக மனம் வரவில்லை. நான் முதலில் விற்றது கெட்டிலை. அது பெரிய தப்பு. நீங்களும் அநேகமாக அதில்தான் கை வைக்கப்போகிறீர்கள்.

ஏன் அதை விற்கத் தோன்றும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஐந்தில் அதுதான் சாதாரணமாக இருக்கும். உருண்டையாக ஒரு சட்டி, ஒரு மூடி, மூன்று கால், மேலும் கீழும் காற்றுத்துளை, அவ்வளவுதான். 1952ல் சிகாகோ பக்கம் ஒரு உலோகப் பட்டறையில் இருந்த ஜார்ஜ் ஸ்டீபன், நீரில் மிதக்கவிடும் உலோக மிதவையைப் பாதியாக வெட்டிக் காலும் மூடியும் வைத்துச் செய்த வடிவம் அது. இன்றுவரை பெரிதாக மாறவில்லை. பக்கத்தில் கமாடோவும் பெல்லட்டும் நிற்கும்போது அது பழைய சாமான் மாதிரிதான் தெரியும். மற்ற நான்கும் செய்யாத எதை இது செய்துவிடும் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். அன்று மாலையே வந்து தூக்கிக்கொண்டு போனார்.

அப்புறம்தான் தெரிந்தது. வாரநாள் சாயங்காலம் இரண்டு பேருக்கு ஏதாவது சுட வேண்டும். கமாடோவின் கனத்த பீங்கான் சூடேற முக்கால் மணி நேரம் ஆகும், ஆறுவதற்குப் பாதி ராத்திரி ஆகும். ஆஃப்செட்டுக்கு ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும். என்னிடம் இருந்த பெல்லட்டில் சூடு ஒரே சீராக நிற்கும், ஆனால் தணலுக்கு நேர் மேலே வைத்த மாதிரி மேல்பக்கம் சிவந்து வராது. கேஸில் அந்தப் புகை வாசனை கிடையாது. கெட்டிலில் கரியை ஒரு பக்கமாக ஒதுக்கினால் ஒரு பாதி கடும் சூடு, மறு பாதி மிதமான சூடு. அதே கரியை விளிம்பைச் சுற்றிப் பாம்பு மாதிரி அடுக்கி ஒரு முனையில் பற்றவைத்தால் ஐந்தாறு மணி நேரம் 110, 120 டிகிரியில் நிதானமாக எரியும். அவசரத்துக்குக் கிரில்லாகவும் நேரம் இருந்தால் ஸ்மோக்கராகவும் இருந்த ஒரே பொருளைத்தான் நான் அனுப்பிவைத்திருந்தேன். எட்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அதே 57 செ.மீ. அளவில் வேறொருவர் பயன்படுத்திய கெட்டிலைத் தேடி வாங்கினேன்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு அவசரப்பட்டு எதையும் விற்கவில்லை. மகள் ஒரு வேலை செய்தாள். சாமான் அறைக் கதவின் உள்பக்கம் ஐந்து பெயரையும் எழுதி, எதைப் பற்றவைத்தாலும் ஒரு கரித்துண்டால் அதன் நேரே ஒரு கோடு போடச் சொன்னாள். யார் பற்றவைத்தாலும் போட வேண்டும். ஒரு வருடம் கழித்து எண்ணினோம். கேஸ் 41, கெட்டில் 33, கமாடோ 9, பெல்லட் 6, ஆஃப்செட் 2.

நான் அடுத்து விற்பதாக இருந்தது கேஸை! "கேஸில் சுடுவதெல்லாம் ஒரு கிரில்லா" என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர், நானும் அதை நம்பியிருந்தேன். ஆனால் அந்த 41 கோட்டில் முப்பதுக்கு மேல் என் மனைவி போட்டவை. வேலை முடிந்து வந்து, பத்து நிமிடத்தில் சூடாக்கி, காயோ மீனோ சுட்டு, அணைத்துவிட்டுப் போய்விடுவாள். நான் அதைக் கணக்கிலேயே எடுக்காமல் இருந்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் யார் பற்றவைக்கிறார்கள் என்று கேளுங்கள். வாங்கினவர் நீங்களாக இருக்கலாம், பயன்படுத்துகிறவர் வேறாக இருக்கலாம்.

கேஸை விற்க எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. தீ சோம்பலாக, மஞ்சளாக எரிந்தது. பர்னர் போய்விட்டது என்று முடிவு கட்டியிருந்தேன். விற்பதற்காகத் துடைக்கலாம் என்று கழற்றியபோது, பர்னருக்குள் கேஸும் காற்றும் கலந்து போகும் குழாயின் வாயில் சிலந்தி வலை. விரலால் இழுத்தால் பஞ்சு மாதிரி வந்தது. சிலந்திகள் அந்தக் குழாயில் கூடு கட்டுவது சகஜமாம், காற்று நுழையாமல் போனால் தீ மஞ்சளாகும், சில சமயம் குழாய்க்குப் பின்னாலேயே பற்றிக்கொள்ளும். கம்பித் தூரிகையை விட்டு இழுத்தேன், இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன், பற்றவைத்தேன். நீலமாக நின்று எரிந்தது. பழுது என்று நினைத்து விற்கப்போகிற எதையும் முதலில் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

பெல்லட்டை விற்றதில் எனக்கு வருத்தமே இல்லை. பெல்லட் நல்ல பொருள்தான். இல்லையென்று சொல்லவில்லை. 1980களில் ஜோ ட்ரேகர் கொண்டுவந்த யோசனை பெரிய யோசனை. மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளை ஒரு திருகு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள, விசிறி காற்று கொடுக்க, சூடு தானாக நிற்கும். ராத்திரி தூங்கிக்கொண்டே சமைக்கலாம் என்பதற்காகத்தான் நானும் வாங்கினேன். ஒரு ராத்திரி பெரிய இறைச்சித் துண்டு ஒன்றை உள்ளே வைத்திருந்தேன். பதினொரு மணிக்கு உள் சூடு 66 டிகிரியில் நின்றது. இது எல்லோருக்கும் தெரிந்த கட்டம். இறைச்சியின் மேல் வரும் ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போவதால் மணிக்கணக்கில் ஏறாது. பொறுத்திருந்தால் தானாக ஏறும். அப்படித்தான் என்று நினைத்துப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் 31 டிகிரி. தீ அணைந்து பல மணி நேரம் ஆகியிருந்தது. குச்சிகள் ஈரம் வாங்கி உப்பி, தூளாகி, திருகுக் குழாயில் சிமென்ட் மாதிரி இறுகியிருந்தன. 60 டிகிரிக்குக் கீழே அவ்வளவு நேரம் கிடந்த இறைச்சியை யாருக்கும் கொடுக்க முடியாது. முழுவதையும் தூக்கிப் போட்டேன்.

குச்சி ஈரமானது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தீ அணைந்தால் போனில் எச்சரிக்கை வரும் என்று சொல்லித்தானே அதை விற்றார்கள்? அன்று ராத்திரி அந்தச் செயலி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, மறுபடி கடவுச்சொல் கேட்டுக் காத்திருந்திருக்கிறது.

சரி, கமாடோவுக்கு வருகிறேன். வருடத்துக்கு ஒன்பது தடவைதான், இருந்தும் வைத்துக்கொண்டேன். கோடுகளை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு அதுதான் உதாரணம். பெல்லட்டும் ஆஃப்செட்டும் செய்த மெதுவான வேலையை இது ஒன்றே செய்யும். ஒரு தடவை கரி நிரப்பினால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும், மின்சாரமும் வேண்டாம். பீங்கான் துருப்பிடிக்காது, மாதக்கணக்கில் சும்மா நின்றாலும் கெடாது. சூட்டைக் கூடுதலாக ஏற்றிவிட்டால் இறக்குவதுதான் பாடு. ஏறும்போதே காற்றை அடக்கிப் பழக வேண்டும். துளைகளை மூடி அடக்கிவைத்திருந்த நேரத்தில் மூடியைச் சட்டென்று திறக்காதீர்கள், காற்றுப் பட்டதும் தீ முகத்துக்கு எழும். கொஞ்சம் தூக்கி, நிறுத்தி, அப்புறம் முழுதாகத் திறக்க வேண்டும். உங்களுடையது விரிசல் விட்டிருந்தால், அல்லது அதைத் தள்ளவே பயமாக இருக்கும் இடத்தில் நின்றால், உங்கள் முடிவு வேறாக இருக்கலாம். அதில் நான் தலையிட மாட்டேன்.

கடைசியாக ஆஃப்செட். இரண்டே கோடு, ஆனாலும் இதற்குத்தான் மனம் இடம் கொடுக்கவில்லை. அது கடையில் வாங்கியதல்ல. நானும் அண்ணனும் ஒரு கோடை முழுக்க, கனமான இரும்புக் குழாயை வெட்டி, வெல்டிங் வைத்துச் செய்தது. கதவின் கீல் நேராக வரவில்லை என்று அண்ணன் மூன்று தடவை வெட்டி எடுத்துத் திரும்ப ஒட்டினார். விறகில் எரிந்து வரும் அந்தச் சுவையை மற்ற நான்கில் எதிலும் நான் பார்த்ததில்லை. கட்டை நன்றாக எரியும்போது புகை கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய நீலமாக இருக்கும். அந்த நீலத்தை விடாமல் பிடித்துவைக்க முக்கால் மணிக்கு ஒருமுறை கட்டை போட வேண்டும், பக்கத்திலேயே உட்கார வேண்டும். அப்படி உட்கார எனக்கு வருடத்தில் இரண்டு நாள்தான் கிடைத்தது.

ஒரு நாள் விறகு எரியும் பக்கத்துப் பெட்டியைத் திறந்தேன். போன தடவைச் சாம்பலை நான் எடுக்கவில்லை. மழை நீர் இறங்கி, சாம்பல் கூழாகி, அடியில் ஒட்டிக் கிடந்தது. ஈரச் சாம்பல் அப்படியே கிடந்தால் துரு இரும்பைத் தின்னும். திருப்புளியால் தட்டினேன், அடித்தகடு செதில் செதிலாக உதிர்ந்தது. இன்னும் இரண்டு மழைக்காலம் இப்படி நின்றால் யாருக்கும் பயன்படாது என்று அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது.

அண்ணனிடம் சொல்ல ஒரு வாரம் தயங்கினேன். போனில் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஓட்டை விழுந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "அப்போ எரிக்கிறவன் கையில கொடு" என்றார்.

விற்கும்போது நான் ஒன்றை மட்டும் விடாமல் செய்தேன். குறையை முதலிலேயே சொல்லி, வாங்க வந்தவர் முன்னால் பற்றவைத்துக் காட்டினேன். "இருக்கிறதா" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள் பத்துப் பேர் வந்தார்கள், அவர்களை எண்ணி மனம் நோகாதீர்கள். பதினொன்றாவதாக ஒரு தம்பி வந்தார். விலையைக் கேட்கவே இல்லை. கதவின் ஓரமாகக் கையை வைத்துப் புகை எங்கே கசிகிறது என்று தடவிப் பார்த்தார், விறகுப் பெட்டிக்குள் தலையை விட்டு அடித்தகட்டைத் தட்டிப் பார்த்தார். அடியில் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்துகொள்கிறேன் என்றார். சாம்பலை அன்றன்றைக்கே எடுத்துவிட வேண்டும், மூடின இடத்தில் வைத்து எரிக்கக் கூடாது, கரியமில வாயு மட்டுமல்ல கார்பன் மோனாக்சைடும் வரும் என்று நான் சொன்னதைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். அவரிடமே கொடுத்தேன்.

போன மாதம் அவர் ஒரு வீடியோ அனுப்பினார். புதுத் தகடு வைத்து முதல் தடவை எரித்ததாம். அதை அண்ணனுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "வெள்ளைப் புகையா வருது. காத்துக் கதவை இன்னும் கொஞ்சம் திறக்கச் சொல்லு."